திட்டு வெள்ளரியின் நாற்பது விதைகள்

காலை 10.20. பாட்டில் இருந்தது. மூடியும் இருந்தது. உள்ளே கழுத்தளவு சாம்பலும் இருந்தது. விதை ஒன்றுகூட இல்லை.

கஜபதி சாம்பலைச் செய்தித்தாளில் கொட்டி விரலால் கிளறினார். மறுபடியும் கிளறினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சும்மா ஜமீலா. நாப்பது வெதையும் போச்சு."

1993 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கஜபதி ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஜமீலா அங்கேயே தர ஆய்வுப் பிரிவில் இருப்பவள்; ஒரு நூல் அளவு கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். "ஒரு நாள் எங்க ஊட்டு மியூசியத்துக்கு வாம்மா" என்று கஜபதி ஒரு வருடமாக அழைத்து, இன்றுதான் பாரிவாக்கத்துக்கு வந்திருந்தாள்.

வந்தவள் அசந்துபோனாள். வீட்டின் முன்னறைகள் இரண்டும் ஒரே ஒரு காய்க்காக! ஊர் ஏரி நடுவே தீவாக ஒரு திட்டு இருந்ததாம். அங்கே மட்டும் பயிரிட்டு வந்தது திட்டு வெள்ளரி. பழுத்தால் வாசனை கரை வரைக்கும் வருமாம். எட்டு வருடம் முன்பு திட்டை வெட்டி மண்ணை அள்ளிப் போய்விட்டார்கள். மனுஷர் சும்மா இருக்கவில்லை. பிஞ்சு முதல் பழம் வரை பதினோரு பருவத்தையும் மரத்தில் கடைந்து, வண்ணம் அடித்து வரிசையாக வைத்திருந்தார். திட்டின் மண், தோணியின் துடுப்பு, ஏரியின் வரைபடம் எல்லாம் இருந்தன. சுவரில் இரண்டு படங்கள்: துடுப்போடு கஜபதியின் தகப்பனார் அப்பாவு, பழத்தோடு கஜபதி. ஃபிட்டர் கைக்குள் இவ்வளவு பொறுமையா என்று ஜமீலாவுக்கு மலைப்பாக இருந்தது.

கொல்லைப் பாத்தியில் வருடா வருடம் போட்டு எடுத்ததில் மிஞ்சியவை, பூச்சி அரிக்காமல் சாம்பலில் போட்டு வைத்திருந்த அந்த நாற்பது விதைகள். உலகத்தில் வேறெங்கும் இல்லை. நாளை காலை பத்து மணிக்கு ஒரு வேளாண் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து அவற்றை எடுத்துப்போய்ப் பயிர் செய்வதாக ஏற்பாடு.

"அலமாரிப் பூட்டு உடையல. சாவி எங்க இருந்துச்சு அண்ணே?"

"என் இடுப்புல. குளிக்கப் போவ சொல்லோ பின்கதவு ஆணியில மாட்டுவேன். இன்னிக்கி எண்ண தேச்சுக் குளிக்க எட்டு மணிக்கே மாட்னேன்."

"அப்ப யாரு வந்தாங்க?"

கஜபதியின் முகம் சிவந்தது. "கன்னியப்பன்! குளிக்க சொல்லோ அவன் கொரலு கேட்டுச்சு."

10.40. குமணன்சாவடியில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த கன்னியப்பன் எதிர் டீக்கடையில்தான் இருந்தான். கூப்பிட்டதும் வந்தான்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"எட்டரை."

"எதுக்கு?"

"பத்து வெதை கேக்க. மூணு வருசமா கேட்டுக்கினு கீறேன். அண்ணாத்தே குடுக்க மாட்றாரு."

"அதான் நீயே எட்த்துக்கினியா?" என்று பாய்ந்தார் கஜபதி.

"இன்னாண்ணாத்தே, என்னப் பாத்தா திருடன் மாதிரியா கீது? நீ குளிச்சிக்கினு இருந்தே. அக்கா மோர் குடுத்தாங்க. குட்ச்சிட்டுப் பூட்டேன்."

"அக்கா அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?" ஜமீலா கேட்டாள்.

"வறட்டி தட்டிக்கினு இருந்தாங்க. கை கழுவிட்டு வந்துதான் மோர் குடுத்தாங்க."

அக்கா என்றது கஜபதியின் தமக்கை பார்வதத்தை. ஐம்பத்தைந்து வயது, அந்த வீட்டில் சமையல், மாடு, கொல்லை எல்லாம் அவள் பாடு. இவ்வளவு கூச்சலுக்கும் அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜமீலா சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள். மாவு மாதிரி இருந்தது. எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். தெற்குச் சுவரில் நல்ல வெயில். அங்கே ஈரம் காயாத வறட்டிகள் பதினெட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் தடம். வடக்குச் சுவரில், கூரை நிழலில், ஒன்றே ஒன்று. அது கனமாக இருந்தது. விரல் தடம் இல்லாமல் உள்ளங்கையால் மெத்தென்று அழுத்தியிருந்தது.

11.15. எல்லோரையும் வடக்குச் சுவரடிக்கு வரச் சொன்னாள். பார்வதமும் முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.

"வெளியாள் எடுத்திருந்தா பாட்டிலோட பையில போட்டுட்டுப் போயிருப்பான். எடுத்தவங்க சாம்பலைச் சலிச்சு, விதையை மட்டும் பொறுக்கி, சாம்பலைத் திரும்பப் பாட்டில்ல கொட்டி வச்சிருக்காங்க. அவசரமே இல்ல. கன்னியப்பன் மோர் குடிச்சிட்டுப் போன நேரத்துக்குள்ள இது ஆகாது. வீட்டு ஆளு." ஜமீலா சுவரைக் காட்டினாள். "வறட்டி அடுப்புல வெந்த சோறு தின்னு வளந்தவ நான். எரிக்கிற வறட்டிய யாராச்சும் நிழல்ல ஒட்டுவாங்களா? காயவே காயாது. ஆனா விதை கெடாம இருக்கச் சாணியில பதிச்சு வைக்கிறது உண்டு; அந்த வறட்டிய வெயில்ல ஒட்டுனா விதை செத்துப்போயிரும். விரலால அடிச்சுத் தட்டுனாலும் நசுங்கிரும். அக்கா, இத அந்தப் பதினெட்டோட பத்தொம்பதா தெற்குச் சுவத்துல அடிச்சிருந்தா, சத்தியமா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். உங்களுக்கு மனசு வரல."

கன்னியப்பன் மெல்ல நகர்ந்து வேலியோரம் நின்றுகொண்டான்.

பார்வதம் மறுக்கவில்லை. "மனசு எப்டி வரும்? முப்பது வருசம் தோணி தள்ளிக்கினு போயி அந்தத் திட்டுல வெதை ஊன்னவ நானு. நைனாவுக்கு மூச்சு எளப்பு, கரையில குந்திக்கினு இருப்பாரு. நீ ஷிப்டுக்குப் பூடுவே. கொல்லையில இந்த எட்டு வருசமும் தண்ணி ஊத்துனது யாரு? உள்ள நைனா படம் கீது, உன் படம் கீது. துடுப்புகூட கீது. நான் எங்க கீறேன்? நாளிக்கு எவனோ வந்து அத்தினியும் வாரிக்கினு போவப் போறான். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ஜமீலா முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் இருந்த அத்தனையும் நிஜமாகவே அழகுதான். ஆனால் அத்தனைக்கும் உயிர் கொடுத்த கை இங்கே சாணத்தோடு நின்றிருந்தது. திருடும்போதுகூட ஒரு விதையை நசுக்காத கை.

கஜபதி அந்த ஒற்றை வறட்டியின் அருகே போய் நின்றார். பிறகு, பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இன்னா பண்ணலாம்க்கா? நீயே சொல்லு."

"நாப்பதையும் குடு. நிலத்துக்குப் போனாத்தான் அது வெதை. ஆனா நானும் கூடப் போவேன். ஊன்றது நாந்தான்."

திங்கள் காலை 10.50. கல்லூரி ஜீப் பாரிவாக்கத்திலிருந்து கிளம்பியது. முன் இருக்கையில் பார்வதம் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் அந்த ஒற்றை வறட்டி. ஜீப்பில் வந்திருந்த ஆராய்ச்சியாளர் பின்னால் மண்வெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார்.