காக்காய் ஏன் சாகவில்லை?

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா? என்னைக் கொன்னுட்டாங்க!"

"யாருங்க பேசறது?"

"செத்துக்கிட்டு இருக்கிறவன்! தர்மராஜ்! ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, மாடி வீடு! விஷம் வச்சது என் மருமக மணிமே..."

செல்போன் நழுவியது.

தர்மராஜ் தரையில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை கால் வெடவெடத்தது. தலைக்கு மேல் ஒரே ஃபேன் இரண்டாகச் சுற்றியது.

கதவு படாரென்று திறந்தது.

மணிமேகலை!

ஓடி வந்தாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள். எதையோ வாயில் திணித்தாள்...

வெள்ளைப் பொடி!

துப்பப் பார்த்தார். விடவில்லை அந்த ராட்சசி.

"முழுங்குங்க மாமா... முழுங்குங்க!"

இருட்டு.

கண் விழித்தபோது காவிரிப் பாலம் தாண்டி, தில்லை நகரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். கையில் டிரிப்ஸ். எதிரே ஸ்டூலில் ஒரு இன்ஸ்பெக்டர். சட்டையில் பீமராவ் என்று பெயர். கதவோரம் மணிமேகலை. அவளை ஒட்டி ஒரு பெண் போலீஸ்.

"இவதாங்க! பிடிச்சு உள்ள போடுங்க!"

"மெதுவாப் பேசுங்க பெரியவரே. உங்களை எதுக்குக் கொல்லணும்?"

"லால்குடி நிலத்தை வித்து, துவாக்குடியில ஒர்க் ஷாப் வைக்கணும்னான் எம் மவன். முடியாதுன்னேன். அதுலேர்ந்து இவ சோத்தை கப்புல அளந்து போடறா! எந்த ஊர்லங்க மாமனாருக்கு அளந்து போடுவாங்க? சுகர் ஊசியை நானேதான் பூட்டி வச்சிருக்கேன், நானேதான் போட்டுக்கறேன். ஆனா அளவு இவ சொல்றது. இட்லிக்கு ஒரு அளவு, பொங்கலுக்கு ஒரு அளவு. நேத்து மத்தியானம் எட்டு யூனிட். இன்னைக்குப் பன்னெண்டு! போட்டப்புறம்தான் பொறி தட்டுச்சு. எதுக்கு நாலு கூட?"

"இன்னைக்கு அமாவாசை மாமா. வடை, பாயசம்..."

"நீ பேசாத!"

பீமராவ் நெற்றியைத் துடைத்தார். ஏசி அறையில் மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது! எழுதுகிற கை நடுங்கியது.

தர்மராஜ் கண்ணைச் சுருக்கினார். போலீஸுக்கே வியர்த்தால் என்ன அர்த்தம்? இவனும் உடந்தையோ?

"ம்... அப்புறம்?"

"ஊசியைக் கூட்டினவ சாப்பாட்டுலயும் என்னமோ கலந்திருப்பான்னு தட்டோட மொட்டை மாடிக்குப் போனேன். சோறு, வடை, பாயசம் அத்தனையும் காக்காய்க்கு வச்சேன். விஷம்னா காக்காய் சாகணும்ல?"

"செத்துச்சா?"

"எங்க சாவுது! சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிட்டு வந்து தின்னுட்டு, இன்னும் கொண்டான்னு கத்துது! புடலங்காய்க் கூட்டை மட்டும் ஒண்ணுகூடத் தொடலை. வீணாப் போகுதேன்னு அதை நான் தின்னேன். மோரைக் குடிச்சேன். படுத்தேன். வெடவெடன்னு வந்துருச்சு! அப்ப விஷம் கூட்டுலதானே?"

"வாயில திணிச்ச பொடி?"

"சர்க்கரை சார்," என்றாள் மணிமேகலை.

"கேட்டீங்களா! அவளே ஒத்துக்கிட்டா! சுகர் பேஷண்ட் வாயில சர்க்கரை! இதைவிடப் பெரிய கொலை எங்கேயாவது உண்டா?"

பீமராவ் கண் காட்டினார். பெண் போலீஸின் கை மணிமேகலையின் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடுங்க அவங்களை!"

டாக்டர் ஷாஜியா உள்ளே நுழைந்தார்.

"விஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப ஐயாவுக்கு சுகர் வெறும் முப்பத்தெட்டு! அந்தச் சர்க்கரை மட்டும் உள்ள போகலைன்னா இந்நேரம் பேசிட்டு இருக்க மாட்டாரு."

"சுகர் இறங்கினா நல்லதுதானேம்மா?"

"இந்த மத்தியான ஊசி எதுக்குங்கய்யா? சாப்பிடற மாவுச்சத்துக்கு. சோறு கூடினா ஊசி கூடும், குறைஞ்சா குறையும். அதுக்குத்தான் உங்க மருமக கப்பும் கையுமா நிக்கிறாங்க. பன்னெண்டு சொன்னது பாயசத்தையும் சேர்த்து! புடலங்காயிலயும் மோர்லயும் அவ்வளவு மாவு ஏது? ஊசி உள்ள போய்ப் பார்த்துச்சு. சோத்தைக் காணோம். ரத்தத்துல இருந்த சர்க்கரையையும் வழிச்சிருச்சு!"

தர்மராஜ் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்னைக் கொல்லப் பார்த்தது..."

"நீங்களேதான்! ஊசி உங்களுக்கு, பாயசம் காக்காய்க்கு!"

தொப்!

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டூல் காலி. தொப்பி உருண்டு கொண்டிருந்தது.

தரையில் இன்ஸ்பெக்டர்!

"சார்... என்னாச்சு சார்?"

"ஊசி... போட்டுட்டு..." பீமராவின் நாக்கு குழறியது. "சாப்பாட்டுப் பார்சலைப் பிரிச்சேன்... அந்த நேரம் பார்த்து... இந்த ஆளு போன்..."

"இவருமா!" ஷாஜியா குனிந்து பார்த்தார். "நினைவு இருக்கு, முழுங்குவாரு. அந்த குளுக்கோஸ் பாக்கெட்டை எடுங்க!"

பாக்கெட் தர்மராஜின் தலைமாட்டில் இருந்தது. டிரிப்ஸோடு குதித்தார். பல்லால் கடித்துக் கிழித்தார். இன்ஸ்பெக்டரின் தலையை மடியில் தூக்கி வைத்துப் பொடியைத் திணித்தார்.

"முழுங்குய்யா... முழுங்கு!"

மணிமேகலை தன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, பெண் போலீஸின் காதோரம் குனிந்தாள்.

"போலீஸ்காரர் வாயில எங்க மாமா வெள்ளைப் பொடியைத் திணிக்கிறாரு... பார்த்துக்கிட்டு சும்மா நிக்கிறீங்களே மேடம், புடிச்சு உள்ள போடலையா?"