ஆறரை அடி கொலைகாரன்

அடகுக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் கிழவர் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ஒரு துளை!

டிடெக்டிவ் ரெனீட்டா கோல்ஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அலறியது. மேலதிகாரி ஹாலண்டர்.

"ஸ்டேஷனுக்கு வா. கொலைகாரனைப் பிடிச்சாச்சு."

"அதுக்குள்ளயா சார்?"

"கடை கேமராவுல விழுந்த முகத்தை சாஃப்ட்வேர்ல போட்டோம். மார்செலஸ் டப்ஸ்னு பேரைக் கக்கிடுச்சு. தொண்ணூத்தியேழு சதவீதம்!"

டப்ஸ், பள்ளிக்கூடத்தில் ட்ரம்பெட் கற்றுக்கொடுப்பவர். பாடம் நடக்கும்போதே விலங்கு மாட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

விசாரணை அறைக்குள் வர அவர் தலையைக் குனிய வேண்டியிருந்தது. ஆறரை அடி!

ரெனீட்டா வீடியோவை ஓடவிட்டாள்.

"சார், இவன் கவுண்டர்ல எக்கி நின்னு சுடுறான். இவரு வாசல்ல குனிஞ்சு வர்றாரு. கண்ணு தெரியலையா?"

"கேமரா கோணம் அப்படி."

"கறுப்புத் தோலு, மொட்டைத் தலை. இது ரெண்டும்தான் ஒத்துப்போகுது!"

"நீயும் கறுப்புங்கறதால உணர்ச்சிவசப்படாதே. மெஷினுக்கு என்ன, வெள்ளை, கறுப்புன்னு வித்தியாசமா தெரியும்?"

"அதான் சார் பிரச்சினை! எங்க முகம் எல்லாமே அதுக்கு ஒண்ணாத்தான் தெரியுது!"

இந்த சாஃப்ட்வேர் வேண்டாமென்று போன வருஷமே எழுதிக் கொடுத்திருந்தாள். ஹாலண்டர் அந்தக் கடிதத்தின் மேல்தான் காபிக் கோப்பையை வைக்கிறார்.

டப்ஸ் மெதுவாகப் பேசினார்.

"பிள்ளைங்க எல்லாம் வீடியோ எடுத்தாங்க சிஸ்டர். நாளைக்கு எந்த மூஞ்சியோட கிளாசுக்குப் போறது?"



மறுபடியும் போன்! எடுத்த ஹாலண்டரின் முகம் வெளிறியது.

"இன்னொரு கடையில சுட்டிருக்கான்... இப்பத்தான். சாஃப்ட்வேர்ல போட்டாங்களாம்."

"யாராம்?"

"மார்செலஸ் டப்ஸ். தொண்ணூத்தொம்பது சதவீதம்."

மேஜையோடு விலங்கிடப்பட்டிருந்த டப்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இவரோட இரட்டைப் பிறவியைத் தேடச் சொல்லட்டுமா சார்?" ரெனீட்டா பல்லைக் கடித்தாள்.

தேவைப்படவில்லை. அந்த இரண்டாவது கடைக்கு வந்தவர்களே சுட்டவனை அமுக்கிவிட்டார்கள். குள்ளமான ஆசாமி. துப்பாக்கி அவன் இடுப்பில்!

சாஃப்ட்வேர் கம்பெனியின் பிரைஸ் விட்கம் ஓடி வந்தான்.

"மெஷின் யூகம்தான் சொல்லும் மேடம். கைது பண்ணச் சொல்லலையே! ஒப்பந்தத்துலயே இருக்கு."

"நாங்க மெஷினை நம்பினோம்," என்றார் ஹாலண்டர்.

"ஆக, யாருமே பொறுப்பில்ல! அப்போ விலங்கு தானா போய் அவர் கையில ஏறிக்கிச்சா?"



அவளே விலங்கைக் கழற்றினாள். டப்ஸை வாசல்வரை அழைத்து வந்தாள்.

வீல்ல்ல்...!

வாசல் கேமரா அலறியது. திரையில் சிவப்பு எழுத்துகள்: 'கொலைகாரன் மார்செலஸ் டப்ஸ் தப்பிக்கிறான்!'

காவலர்கள் துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். திரையில் சிவப்புக் கட்டம் ஒரு முகத்தைச் சுற்றித் துடித்தது.

அது டப்ஸின் முகமல்ல...

ரெனீட்டாவின் முகம்!

டப்ஸ் அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

"வாங்க சிஸ்டர், சேர்ந்தே வக்கீலைப் பார்ப்போம். கம்ப்யூட்டர் கணக்குல நாம ஒரே ஆளு... ஒரு ஆளுக்கான ஃபீஸ்தான் கேப்பாரு!"