பக்கிரிக்குப் போட்ட ஊசி

திங்கள்கிழமை காலை, ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவில், ஆள் இல்லாத பெஞ்சின் மேல் கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் டிக்கென்றது. எலும்பு ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்குக் கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி, அது எலும்பில் போய் ஒட்டும்வரை மூன்று மணி நேரம் அந்தப் பெஞ்சில்தான் உட்காரவைப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும் மருந்து. இரண்டு நாளில் சுவடே இருக்காது. கடைசியாக அங்கே உட்கார்ந்தவர் வெள்ளிக்கிழமை வந்த பக்கிரி, பழைய மில் தொழிலாளி. மூன்று நாள் கழித்து இது ஏன் கத்துகிறது? டெக்னீஷியன் மதிவாணன் சோப்புப் போட்டுத் துடைத்தான். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. பெஞ்சு மட்டும் விடாமல் டிக், டிக் என்றது.

பக்கிரி ஸ்கேன் வரைக்கும் வரவில்லை. உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அப்போது அவர் பக்கத்தில் மதிவாணனின் மனைவி மேனகா இருந்தாள். ஏழு மாதம். கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று போர்டு மாட்டியவனே மதிவாணன்தான். சாப்பாட்டு கேரியர் கொண்டுவரும் பெண்டாட்டியை வெயிலில் நிறுத்த மனசு வராமல் தினமும் அங்கேயே உட்காரவைத்தவனும் அவன்தான். அறிவுகெட்ட வேலை. சாவதற்கு முன் கிழவர் மேனகாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவள் அன்று ராத்திரி சொன்னாள்.

"சாவறதுக்கு பயமா இருக்கும்மா. எங்கனா எடம் கெடச்சா ஒண்டிக்குவேன்" என்றாராம்.

பக்கத்தில் உட்கார்ந்தால் மருந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது. ஒன்பது வருஷ அனுபவம் அவனுக்கு அப்படித்தான் சொன்னது. மனசு கேட்கவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே முதலியார்பேட்டையில் இருந்த வீட்டுக்கு வண்டியை விட்டான்.

கடைகள் சாத்தி, ஊரே தூங்கும் நேரம். வீட்டுக்குள் மீன் குழம்பு வாசனை, மின்விசிறியின் கரகரப்பு, ஜன்னல் திரையைத் தாண்டி வந்த வெள்ளை வெயில். மேனகா பாயில் ஒருக்களித்துத் தூங்கினாள்; பக்கத்தில் அவனுக்கான தலையணை காலியாகக் கிடந்தது. மண்டியிட்டு மீட்டரை அவள் தலையருகே நீட்டினான். சத்தமில்லை. கழுத்து, மார்பு. சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது.

வயிற்றருகே டிக்கென்றது.

உள்ளிருந்து இல்லை. பாயின் காலிப் பக்கத்திலிருந்து.

மெல்ல நகர்த்தினான். எத்தனையோ பேருடைய எலும்புகளைப் புள்ளி புள்ளியாகத் திரையில் பார்த்தவன். இப்போது காதால் பார்த்தான். தலையணையில் மண்டை ஓடு. அதற்குக் கீழே நேராக முதுகெலும்பு. இடுப்பு. இரண்டு கால்கள். தோளிலிருந்து ஒரு கை. அது அவளை நோக்கி நீண்டிருந்தது. அவள் வயிற்றின் மேல் ஐந்து விரல்கள்.

"கைய எடுங்க" என்றாள் மேனகா, கண்ணைத் திறக்காமல். "கனமா இருக்கு."

அவன் இரண்டு கைகளும் மீட்டரைத்தான் பிடித்திருந்தன.

எழுப்ப வேண்டும். அதற்குள் பாய் அடங்கத் தொடங்கியது. முதலில் பாதம். முழங்கால். இடுப்பு. முதுகு. கடைசியில் தலையணையும் ஓய்ந்தது. எல்லாச் சத்தமும் அவள் தொப்புளுக்கு அடியில் போய்க் குவிந்தது.

ஐயோ, அங்கே என் பிள்ளை இருக்கிறதே.

கனம் இறங்கியவள்போல மேனகா நீளமாக மூச்சுவிட்டாள். அவள் வயிற்றின் தோலுக்கடியில் பெரிதாக ஏதோ ஒன்று, எதையோ ஓரமாகத் தள்ளிவிட்டு, திரும்பிப் படுத்தது.