முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள்

வக்கீல் தெய்வசிகாமணி வாசலில் நின்று நுரையீரலைக் கழுவிக்கொண்டார். காப்புத்தோலைச் செருப்புக் கழற்றுவதுபோல உரித்துக் கொக்கியில் மாட்டினார். பிறகு ஒரு கண்ணாடிக் குமிழிக்குள் புகுந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தார்.

கோவை காந்திபுரத்தில் 2187ஆம் வருஷம் மத்தியானச் சாப்பாடு இப்படித்தான் ஆரம்பமாகும். பூஞ்சைக் காய்ச்சல் உலகத்தை வளைத்துப் பிடித்து இரண்டு வருஷமாகிவிட்டது. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படக்கூடாது. ஆனாலும் வியாபாரிகள் சளைக்கவில்லை. முடிதிருத்துபவர் வீட்டிலிருந்தபடியே இயந்திரக் கையால் ஊரார் தலையைச் சிரைத்தார். சினிமாக்காரர்கள் படத்தை நேராக மண்டைக்குள்ளேயே ஓட்டினார்கள். மெஸ் நடத்தும் நாச்சிமுத்துவும் தன் பங்குக்கு நாற்பது குமிழிகள் வாங்கிப் போட்டு, பரிமாற இயந்திரக் கைகளும் வைத்தார். ஆனால் அவர் மட்டும் கடையில் ஈதான் ஓட்டினார்.

சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "என்னமோ குறையுதுங்க."

நாச்சிமுத்து சாம்பாரில் வெங்காயத்தைக் கூட்டினார். சுவையைப் பத்து மடங்காக்கும் நாக்குச்சில்லு என்ற ஒன்றை வாங்கி எல்லாருக்கும் இலவசமாக ஒட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. தை மாதம் முடிவதற்குள் நாளுக்கு நாற்பது பேராவது சாப்பிடாவிட்டால் கடையை மூடிவிட்டு, அங்கே சத்துமாத்திரை இயந்திரம் வைத்துவிடுவார்கள். அதுதான் சட்டம். எதிர்வரிசையில் ஒன்று ஏற்கனவே வந்தாயிற்று. இருபது வருஷம் நடத்திய மெஸ் கையை விட்டுப் போகப் போகிறதே என்று மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

சமையல் முழுக்க அவர் மனைவி மயிலாத்தாள் பொறுப்பு. "என்ற கைப்பக்குவத்துல குத்தம்னா கரண்டிய இப்பவே கீழ வெச்சுடறேன்" என்று ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு, அன்று அடுக்களை ஜன்னல் வழியாக வக்கீலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. மூணு வாய்க்கு ஒருக்கா அவரு பின்னால திரும்பிப் பாக்கறாரு, கவனிச்சீங்களா? யாரத் தேடறாரு?"

நாச்சிமுத்துவுக்குச் சட்டென்று உறைத்தது. அந்தக் காலத்தில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இவர் எப்போது மோருக்கு வருவார் என்று இலையையே முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முறைப்பில்லாமல் எவனுக்குச் சோறு இறங்கும்!

மறுநாளே மூடிக் கிடந்த ஜவுளிக்கடையிலிருந்து நாற்பது பொம்மைகள் வந்தன. உள்ளே மோட்டார், கண்ணில் சென்சார். காத்திருப்பான் என்று பெயர் வைத்தார்கள். பொம்மைகளுக்கு ஏது காய்ச்சல்? குமிழிக்கு ஒன்றாக நின்று பெருமூச்சு விட்டன, தொண்டையைக் கனைத்தன, மணி பார்த்தன. மோர் ஊற்றினால் அரை அடி முன்னால் வந்தன.

வக்கீல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று உரக்கச் சொல்லி, மூன்றாம் சோற்றை ஆற அமரப் பிசைந்தார். பொம்மை நெளிய நெளிய அவருக்கு ருசி ஏறிக்கொண்டே போயிற்று.

"இன்னைக்குத்தானுங்க சாப்பிட்ட மாதிரி இருக்குது!" என்று கையைக் கழுவினார்.

தை முடிவதற்குள் நாளுக்கு முந்நூறு சாப்பாடு ஓடியது. மெஸ் பிழைத்தது. நாச்சிமுத்து ஆனந்தத்தில் அழுதேவிட்டார்.

அடுத்த வருஷம் மருந்து வந்தது, காய்ச்சல் ஒழிந்தது. நாச்சிமுத்து குமிழிகளை உடைத்தெறிந்தார். பொம்மைகளை எதிர்க்கடை மாத்திரைக் கம்பெனிக்கே தள்ளிவிட்டார்.

"இனி என்ற கடையில எந்த மகராசனும் நிக்கக்கூடாது மயிலு" என்று இருநூறு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

திறந்த அன்று மத்தியானம் ஊரே தெருவில் இறங்கியது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். நெய் வாசனை தெருமுனை வரை போயிற்று. வந்தவர்கள் மெஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்கள். இருநூறு நாற்காலியும் காலி. "ஆளே இல்லியே" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். எதிரே மாத்திரை இயந்திரத்தின் முன்னால் நாற்பது பொம்மைகள் பெருமூச்சு விட்டபடி நின்றன. மாத்திரை வாங்கியதும் சுற்றிப் போய் மறுபடி வரிசையில் நுழைந்துகொண்டன. அவற்றுக்குப் பின்னால் தெரு வளைவு வரை மனிதர்கள்.

கடைசி ஆளாக வக்கீல் நின்றிருந்தார்.

நாச்சிமுத்து பதறிக்கொண்டு ஓடினார். "ஏனுங்க வக்கீலய்யா! முன்னால நிக்கறது நம்ம பொம்மைங்க! உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்க" என்றார் வக்கீல், கண்ணை வரிசையிலிருந்து எடுக்காமல். "ஆனா இத்தன பேரு நிக்கறாங்கன்னா, சும்மாவா நிப்பாங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரும்பிப் போகத்தான் நினைத்தார். ஆனால் முன்னால் இருந்த பொம்மைகள் மணி பார்த்த அவசரத்தைக் கண்டபோது, அப்படி என்னதான் மாத்திரை அது என்று தெரிந்துகொண்டு போனால் என்ன என்று தோன்றியது. தொழிலுக்கும் உதவுமே! அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வாசலில் மயிலாத்தாள் கரண்டியோடு நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, வரிசை போகுது பாருங்க" என்று யாரோ தோளைத் தட்டினார்கள்.

நாச்சிமுத்து ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.