ஒரு சாண் நகர்ந்த குரல்

பாடகியின் குரல் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. கண்ணாடிக்காரரைத் தவிர அந்தக் குடியிருப்பில் வேறு யாருக்கும் இது ஒரு சேதியாகவே பட்டிருக்காது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், சுவரை விட்டுச் சற்று முன்னால் வந்து நின்று பாடவேண்டியவள், இப்போது ஜன்னலோரமாக ஒதுங்கி, வீடு மாறி வந்துவிட்டவளைப் போலக் கூச்சத்தோடு பாடினாள்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர் அவர். ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?’ என்று பகலெல்லாம் ஊராரைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அதே கேள்வியைத் தன் காதுகளிடம் கேட்பதற்காக மாடியேறுவார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை அரை விரற்கடை திருப்பினார். அலமாரிக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தார். மனைவி போன பிறகு மனுஷன் அடுப்பைப் பற்றவைக்கிறாரோ இல்லையோ, சாமான் நகர்த்துவது மட்டும் தவறுவதில்லை என்று கீழ்வீட்டு அக்கா கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எப்போது நகர்ந்தது என்று அவருக்குத் தெரியும். மனைவியை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, தூக்கம் பிடிக்காமல் ரெக்கார்டைச் சுழலவிட்ட அன்று. இடப்பக்க சோபா அவளுடையது. காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்தால் இரண்டாவது பாட்டுக்குள் தூங்கிவிடுவாள்.

“உன் குறட்டை வயலினோட சண்டை போடுது. உள்ள போய்ப் படு.”

“உங்க வயலினை உள்ள போய் வாசிக்கச் சொல்லுங்க,” என்பாள், கண்ணைத் திறக்காமலே.

அவள் உட்கார்ந்திருந்த அறையில்தான் பாட்டு சரியாக ஒலித்தது என்பது, அவள் இல்லாத அறையில்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் வேறொருவர் அழுதிருப்பார். இவர் புது ப்ரீஆம்ப் தேடிக் கிளம்பினார்.

ரெக்கார்டின் ஊசியில் பிறக்கும் பொடிச் சத்தத்தைப் பெருக்கி, ஸ்பீக்கரை முழங்கவைக்கும் பவர் ஆம்ப்பிடம் ஒப்படைக்கிற பெட்டிதான் ப்ரீஆம்ப். அதிலும் பல்பு போலச் சூடேறி ஒளிரும் பழைய கண்ணாடி வால்வு வைத்ததென்றால் குரலில் ரத்த ஓட்டம் இருக்கும் என்பது பாட்டுப் பைத்தியங்களின் நம்பிக்கை. ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்பதும், துணியில் சுற்றித் திருப்பிக் கொண்டுவருவதுமாக அவர் நடந்ததில் ஆடியோ கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒண்ணு ஒல்லியா இருக்குங்கறீங்க, ஒண்ணு கரடுங்கறீங்க. என்னதான் சார் வேணும் உங்களுக்கு?”

“ரூம்ல ஆள் இருக்கற மாதிரி வேணும்.”

கண்ணாடிக்காரரின் கை, மேல்தட்டில் தூசி படிந்திருந்த கனத்த கறுப்புப் பெட்டியின் மேல் இருந்தது.

“அது வேணாம் சார். உங்க பவர் ஆம்ப்புக்கு ஒத்தே வராது. தேவைக்கு மேல பெருக்கும். வால்யூமைத் தொட்டாப் போதும், அடியில கிடக்கறதெல்லாம் மேல வந்துடும். இரைச்சல், மூச்சு, வேண்டாதது அத்தனையும்.”

“வரட்டும். குடுங்க.”

அளவு தப்பிய கண்ணாடியை யாராவது இப்படி அடம்பிடித்துக் கேட்டிருந்தால் அவரே கடையைவிட்டுத் துரத்தியிருப்பார்.

அன்று மாலை வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்து, சூடேறிய தூசியும் பழைய மெழுகும் கலந்த வாசனை அறையில் பரவியபோது, ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினார். பாடகி நடுவில் நின்றாள். ஒரு சாண் திரும்பி வந்திருந்தது. சோபா காலியான நாளிலிருந்து இடப்பக்கச் சுவரில் பட்டு எதிரொலித்த கூச்சல் இல்லை. சத்தத்தைப் பாதி வழியில் மெத்தென்று வாங்கிக்கொள்ள அங்கே ஏதோ இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் காலி சோபாதானே தெரியும்.

“வந்துட்டியா,” என்றார். பிறகு கடைசிப் பாட்டுவரை அழுதார்.

அதன்பின் கடையைச் சீக்கிரமே பூட்டினார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினார். மனுஷனுக்குப் புது வாழ்வு வந்துவிட்டது, இனி அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி என்று குடியிருப்பு முடிவுகட்டியது.

ஆனால் பாட்டு மங்கத் தொடங்கியது. முதலில் ஜால்ராவின் மினுக்கு போயிற்று. பிறகு வயலினின் ஓரம் மழுங்கியது. பாடகி மூச்சிழுப்பது, வார்த்தையின் முடிவில் உதடு பிரிவது, எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல்போய், கம்பளிக்குள்ளிருந்து பாடுபவளைப் போலானாள். வால்வுகளை மாற்றிப் பார்த்தார். ஊசியைத் துடைத்தார். கடைக்காரருக்குப் போன் செய்தார்.

“ரூம்ல புதுசா ஏதாவது போட்டீங்களா? கனமான திரை, மெத்தை?”

“ஒண்ணும் போடலையே.”

“நீங்க சொல்றதப் பாத்தா நிறைஞ்ச தியேட்டர் மாதிரி இருக்கு சார். கூட்டம் சேரச்சேர உடம்பும் துணியுமாச் சத்தத்தைக் குடிச்சிடும்.” சிரித்தார். “ஆள் இருக்கற மாதிரி கேட்டீங்க. ஜாஸ்தியா வந்துட்டாங்க போல.”

கண்ணாடிக்காரர் போனை வைத்தார்.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டு அக்கா வழிமறித்தாள். “சாயங்காலம் ஆனா வீட்ல நிறைய பேர் போல இருக்கே தம்பி. தலைக்கு மேல ஒரே கால் மாத்தி மாத்தி வைக்கற சத்தம். சொந்தக்காரங்களா?” குரலைத் தாழ்த்தினாள். “வாசல்ல எட்டிப் பாத்தேன், உன் செருப்பு மட்டும்தான் கிடக்கு.”

அவர் மேலே போனார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அறைக்குள் காற்று தடித்திருந்தது. ஈரத்துணியின் வாடை, வியர்வை, யாரோ அடக்கி வைத்திருக்கும் மூச்சின் புளிப்பு. கறுப்புப் பெட்டி முந்தின நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிடலாம். ஒரு விரல் போதும். ஆனால் அணைத்தால் எல்லாரோடும் அவளும் போய்விடுவாள். இத்தனை பேருக்கு நடுவில் எங்கோ அவள் இருக்கிறாள். முதலில் வந்தது அவள்தான். வேறு யாராக இருக்க முடியும்?

வேறு யாராக.

அந்தக் கேள்வி வந்ததும் விரல் தானாக ஸ்விட்சை அழுத்தியது. ஆரஞ்சு சிவப்பானது. சிவப்பு கறுத்தது.

எதுவும் கலையவில்லை. சமையலறை ஃபிரிட்ஜின் உறுமல் கேட்கவில்லை. தெருவின் ஹாரன் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார், அது உதட்டிலேயே விழுந்து செத்தது. இனி கோளாறு பெட்டியில் இல்லை.

“ஏம்மா,” என்றார். தனக்கே கேட்கவில்லை.

ஒரு அறை எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க, பாட்டுப் பைத்தியங்கள் ஒருமுறை கை தட்டிப் பார்ப்பார்கள். வேறெதுவும் தோன்றவில்லை அவருக்கு. இரண்டு கைகளையும் அகல விரித்தார். தட்டினார்.

சத்தம் வரவில்லை.

கைகள் ஒன்றையொன்று தொடவில்லை.

இடையில் ஏதோ இருந்தது. வெதுவெதுப்பாக. அவர் உயரத்துக்கு. ஒவ்வொரு உள்ளங்கைக்குள்ளும் ஒரு காது, மடல் குளிர்ந்து.

கையை எடுக்கவில்லை. அவளுடைய இடது காதில், தோடு அறுத்த தழும்பு இருக்கும். விரலால் தடவினார். இல்லை. அதற்குக் கீழே இன்னொரு காது. வழவழவென்று. அதுவும் இல்லை. அதற்குக் கீழே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் அவர் பக்கமே திரும்பி, அசையாமல், கேட்டுக்கொண்டிருந்தன.

எங்காவது அவளுடையது இருக்கும். விரல்கள் கீழே, இன்னும் கீழே, இறங்கிக்கொண்டிருந்தன.