வெட்டப்பட்ட ஒன்பது எழுத்து

போன் அலறியது.

கணவன் இறந்து இருபத்திரண்டாவது நாள். எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர். கேஸை மூடப் போகிறாராம். ஆய்வுக்கூடத்தில் கிருமி தொற்றி அவர் இறந்தது சொந்த அஜாக்கிரதையால்தான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதாம். ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அஜாக்கிரதை...

கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவிக் குடிக்கிற மனிதர்!

அரை மணி நேரத்தில் ஸ்டேஷனில் இருந்தாள். உள்ளே ஆய்வுக்கூட டைரக்டர். துக்கம் விசாரிப்பதற்கென்றே தைத்தது போல ஒரு சட்டை.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'மேனுவல் அக்கா'. கணவன் எழுதிய சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதியவள். அதை முழுதாகப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

இப்போது ஒருவர்.

டைரக்டர் இன்ஸ்பெக்டருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐந்து பேர், ஆளுக்கொரு கிருமி. இறந்தவர் ரத்தத்தில் கிடைத்தது ஆறாவது. ஆறின் மரபணு எழுத்துகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிவரியாக அடுக்க வேண்டும். எழுத்து விடுபட்ட இடத்தில் ஒரு கோடு. குழப்பமான இடங்களைச் சாஃப்ட்வேர் சீவித் தள்ளிவிடும். மிச்சத்தை வைத்து எது எதற்குச் சொந்தம் என்று வம்சாவளி மரம் வரையலாம்.

"ரத்தத்துல இருந்ததும் அவர் வளர்த்ததும் ஒரே கிளை சார். அவர் எழுதின சாஃப்ட்வேரே சொல்லுது," என்று பெருமூச்சு விட்டார்.

"அதே கிளையில உங்க கிருமியும் இருக்கே சார்?" என்றாள், மேஜையில் கிடந்த மரப் படத்தைப் பார்த்து.

"ரெண்டும் ஒரே தாய்க் கிருமியில இருந்து பிரிச்சதுதானேம்மா. ஆனா என்னோடது ஃப்ரீசரை விட்டு வெளிய வந்ததே இல்ல. சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

அவள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் நாலு பக்கம் ரிப்போர்ட். மீதி இணைப்பு. கனமாக இருந்தால்தான் ஆராய்ச்சி என்பது டைரக்டரின் கொள்கை. இன்ஸ்பெக்டர் நாலு பக்கம் படித்திருந்தார். அதற்கே தலைவலி மாத்திரை போட்டாராம்.

அவள் நூற்றெண்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள்.

சீவித் தள்ளியதை எல்லாம் அந்தச் சாஃப்ட்வேர் தனியே எழுதி வைக்கும். வைக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் கணவனோடு சண்டை போட்டவளே அவள்தான்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒன்பது எழுத்து வெட்டியிருக்கு சார். ஆறு வரியில ரெண்டு வரியில மட்டும் அந்த எழுத்து கிடையாது. ஒண்ணு ரத்தத்துல கிடைச்சது. இன்னொண்ணு டைரக்டர் சாரோடது. என் வீட்டுக்காரர் கிருமியில ஒன்பதும் இருக்கு."

டைரக்டர் புன்னகைத்தார். கோடு இருந்தால் சாஃப்ட்வேர் தானாகவே வெட்டும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்.

"தானா வெட்டாது சார். பாதி வரிக்கு மேல கோடு இருந்தாத்தான் வெட்டும். ரெண்டு கோட்டுக்கே வெட்டணும்னு யாரோ கையால மாத்தியிருக்காங்க." விரலைக் கீழே இறக்கினாள். "மாத்தினவங்க பேரும் இதோ இருக்கு."

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். நிமிர்ந்து டைரக்டரைப் பார்த்தார்.

டைரக்டர் ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இணைப்பையெல்லாம்... யாரும்மா படிப்பாங்க?" என்றார், நிஜமான வேதனையோடு.



அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. பூட்டிய ஃப்ரீசர். இறந்தவரின் தண்ணீர் பாட்டிலில் கலந்தது. கடைசியாகக் காரணம்... அந்தச் சாஃப்ட்வேரைப் பற்றிய கட்டுரையை இறந்தவர் தன் ஒருவர் பெயரில் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாராம். டைரக்டர் பெயரைப் போடவில்லையாம்.

மேனுவல் அக்கா கையெழுத்துப் போடாத காகிதத்தை நான்காக மடித்துக் கிழித்தாள். அழவில்லை. அதை வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் புதுக் காகிதம் எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"கவலைப்படாதீங்க சார். குற்றப்பத்திரிகை நான் எழுதறேன். உங்க பேரைத் தவிர வேற பேரே போட மாட்டேன்."