வயிறு பார்த்து வாங்கிய கார்டு

அரியலூர்ப் பக்கம் மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். பல கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். போன கடலைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று 2006-இல் ஒருவன் கிளம்பினான். அவன் பெயர் கலையரசன். பிளஸ் ஒன் படித்தான்.

கடல் வந்தேவிட்டது, ஒரு சி.டி.க்குள்! ஆறு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்திருந்தான். மீன்கள், சுருள் சிப்பிகள், பல்லைக் காட்டும் பெரிய பிராணி ஒன்று. எல்லாம் சரிதான். ஓடவிட்டால்தான் வம்பு.

“அண்ணே, இந்த மீனுக்குக் கால் சுளுக்கா? இப்படி நொண்டுது?” என்றாள் தங்கை வளர்மதி. அவள் ஆறாம் வகுப்பு.

“மீனுக்கு ஏது கால்? படத்தை வேகமாக் காட்ட கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு வேணும். நம்மகிட்ட அது இல்ல.”

மற்றதெல்லாம் தயார். நம்மூர் வெயிலில் கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிடுமே! அதற்குத் தண்ணீரால் குளிரவைக்கும் ஏற்பாடு செய்திருந்தான் கலை. பழைய வேனின் ரேடியேட்டர், ஏர்கூலரின் குட்டி மோட்டார், லேத் பட்டறையில் கடைந்த இரண்டு செப்புக் கட்டிகள். குழாயில் ஓடும் தண்ணீர் செப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிக்கொள்ளும். ஒரு கட்டியைப் பொருத்தியாயிற்று. இன்னொன்று, வரப்போகிற கார்டுக்காக மேசைமேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை மாவட்ட அறிவியல் கண்காட்சி. இன்று சனிக்கிழமை. புதுக் கார்டு வாங்கக் கட்டுபடியாகாது. பழைய கார்டு பெரம்பலூர் சின்னதுரை கடையில் இருப்பதாகக் கேள்வி.

அப்பா சிங்காரவேலு மாட்டுத் தரகர். சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டே சொன்னார்: “வளரையும் கூட்டிட்டுப் போடா. புடிச்ச பொருளைப் பாத்தா உனக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரியுது. நாமதான் மாட்டுப் பல்லைப் பாக்கணும். மாடு நம்ம பல்லைப் பாக்கக் கூடாது.”

பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனார்கள். கடையில் இரண்டே இரண்டு கார்டுகள் இருந்தன.

ஒன்று பளபளவென்று மின்னியது. சிவப்பு விசிறி, வாள் வீசும் வீரன் படம், பெரிய எழுத்தில் 256 எம்.பி. நினைவகம். இன்னொன்றில் ஒரு விரற்கடைத் தூசி. 128 என்று போட்டிருந்தது. விசிறியின் இறக்கைகள் பாதி இல்லை.

கலையின் பற்கள் வெளியே வந்துவிட்டன.

“தம்பி, இது ராஜா கார்டு. அந்தத் தூசி கார்டுக்கு விசிறி உடைஞ்சுபோச்சு. திருச்சி வரைக்கும் தேடிட்டேன், அந்த அளவு கிடைக்கல” என்றார் சின்னதுரை. “சீக்கிரம் சொல்லுங்க. இந்தத் தம்பியும் ராஜாவைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கறாரு.”

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவன், “அவங்க விட்டா நான் எடுத்துக்கறேங்க” என்றான். அவன் பெயர் பிரேம்குமார்.

கலையின் கை சட்டைப்பைக்குப் போனது. வளர்மதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கொம்புக்கு வர்ணம் பூசியிருக்காங்கண்ணே. வயித்தைப் பாக்க வேணாமா?”

“கார்டுக்கு ஏதுடி வயிறு?”

கொம்பு சீவி, சலங்கை கட்டிய மாட்டைச் சந்தையில் யாரும் அப்படியே வாங்கமாட்டார்கள். விலாவை அமுக்கிப் பார்ப்பார்கள். வயிறு உப்பியிருந்தால் மாட்டுக்குச் சுகமில்லை. வளர்மதி பளபளக் கார்டைத் திருப்பி, அதில் வரிசையாக நின்ற கெப்பாசிட்டர் என்னும் குட்டி டப்பாக்களின் தலையை விரலால் தடவினாள். ஏறக்குறைய எல்லாத் தலைகளும் தட்டையாக இருந்தன. இரண்டு மட்டும் பணியாரம்போல் உப்பியிருந்தன.

தூசிக் கார்டை ஊதிவிட்டுத் தடவினாள். ஒரு தலைகூட உப்பவில்லை.

“அண்ணே, இதை எடுத்துக்கலாம்” என்று அவன் காதில் சொன்னாள்.

“விசிறி உடைஞ்சிருக்கே!”

“நம்ம பொட்டியிலதான் தண்ணி ஓடுதே. விசிறி எதுக்கு?”

கலை அவளையே பார்த்தான். சட்டென்று, அளவு பார்க்க வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்த செப்புக் கட்டியை எடுத்து உடைந்த விசிறிக்குப் பக்கத்தில் வைத்து அளந்தான். துளைகள் பொருந்தின. மறுபடியும் முப்பத்திரண்டு பல்!

“அப்போ ராஜா எனக்கு!” என்று பிரேம்குமார் பணத்தை எண்ண ஆரம்பித்தான்.

வளர்மதி அவன் பக்கம் திரும்பினாள். கலை அவள் காதருகே குனிந்தான்.

“வாயைத் திறக்காத. நீ சொன்னா கடைக்காரருக்குக் கோபம் வரும், நமக்குக் கார்டு தரமாட்டாரு. இல்லேன்னா இந்த அண்ணன் நம்ம கார்டைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. திங்கக்கிழமை கண்காட்சி, ஞாபகம் இருக்கட்டும்.”

அவன் சொன்னதும் நியாயம்தான். வேறு கார்டு கிடையாது. வேறு நாளும் கிடையாது.

பிரேம்குமார் எண்ணிக்கொண்டிருந்தான். எல்லாம் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள். எத்தனை நாள் சேர்த்தானோ!

“அண்ணா, எண்ணாதீங்க” என்றாள் வளர்மதி. “அதுல ரெண்டு டப்பா உப்பியிருக்கு.”

கலை கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏம்மா, என் கடைக்கு வந்து என் சரக்கையே குறை சொல்றியா?” என்றார் சின்னதுரை.

“குறை சொல்லலைங்க. ஏர்ல பூட்டிப் பாக்காம மாடு வாங்கலாமா? ஓட்டிப் பாத்துடுவோம். நல்லா ஓடினா, நான் சொன்னது தப்புன்னு இந்த அண்ணன் எதிர்லயே சொல்லிடறேன்.”

சின்னதுரை முறைத்தார். ஆனாலும் கார்டைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகினார். கலை கையோடு கொண்டுவந்த சி.டி.யைப் போட்டான். மீன்கள் விர்ரென்று பாய்ந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “பாத்தியா?” என்று அவர் வாயெடுத்தார். கடல் முழுக்கப் பச்சைக் கோடுகள் விழுந்தன. மீன்கள் அப்படியே நின்றுபோயின.

“நல்லவேளை!” என்று பணத்தைப் பைக்குள் திணித்தான் பிரேம்குமார். “அப்போ அந்தத் தூசிக் கார்டை எனக்குக் குடுங்க. கேட்ட விலை தரேன்.”

கலை முழங்கையால் தங்கையை இடித்தான். ‘சொன்னேனா, இல்லையா?’ என்று அர்த்தம்.

“உங்க கம்ப்யூட்டர்ல தண்ணி ஓடுதாண்ணா?” என்று கேட்டாள் வளர்மதி.

“கம்ப்யூட்டர்ல தண்ணியா? என்ன பாப்பா சொல்ற!”

“அப்போ இது சூடேறி வெந்துடும். இதுக்கு விசிறியே கிடைக்காதுன்னு இவரே சொன்னாரு. எங்க பொட்டியில தண்ணி ஓடுது, அதனால எங்களுக்கு ஆகும்.”

சின்னதுரை ‘ஆமாம்’ என்று தலையாட்டினார். பிரேம்குமார் கையை எடுத்துக்கொண்டான்.

தூசிக் கார்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். விசிறிக்குப் பதிலாகக் கடையின் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. கடலும் வற்றவில்லை, மீனும் நொண்டவில்லை.

“விலை?” என்றார் சின்னதுரை. துணிக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்போல, வளர்மதி கைக்குட்டையை விரித்து அவர் கையின்மேல் போட்டாள். அவர் சிரித்துவிட்டார். வாலிகண்டபுரத்தில் அவர் வீடும் மாட்டு வியாபார வீடுதான்.

துணிக்கு அடியில் அவள் சில விரல்களைப் பிடித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கி இன்னும் சில விரல்களைக் கொடுத்தார். அவள் ஒன்றை மடக்கினாள். அவர் “ஐயோ” என்றார். அவள் மடக்கிய விரலை விடவில்லை. கடைசியில் கைக்குட்டை எழும்பியது. வியாபாரம் முடிந்தது. என்ன விலை என்று கேட்காதீர்கள். துணிக்கு அடியில் பேசியதை வெளியில் சொல்லும் வழக்கம் இல்லை.

“இந்தப் பொண்ணு கையில கொஞ்சம் அசந்தா கடையையே எழுதி வாங்கிடும்” என்று சின்னதுரை முணுமுணுத்தார். ஆனால் உப்பிய கார்டை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. குப்பைக் கூடையில் போட்டார். பிரேம்குமார் இருவருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை கண்காட்சியில் நல்ல கூட்டம். குழாயில் தண்ணீர் ஓட, திரையில் அரியலூர்க் கடல் அலையடித்தது. ஜெயங்கொண்டத்திலிருந்தும் மீன்சுருட்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள் வாசல் வரை வரிசை கட்டினார்கள்.

நடுவராக வந்த அம்மையார் குனிந்து குனிந்து பார்த்தார். “இவ்வளவு நேரமா ஓடுது, சூடே இல்லையே! யார் செஞ்சது?”

“தண்ணி வேலை நான் செஞ்சதுங்க. கார்டு எங்க தங்கச்சி பொறுக்கினது” என்று கலை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

“அப்படியா? எதைப் பாத்துப் பொறுக்கினாளாம்?”

“வயித்தைப் பாத்துங்க.”

அம்மையாருக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் கலை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கேட்டு முடித்ததும், “எங்கே அந்தப் பெண்? நான் பார்க்கணுமே!” என்றார் அவர்.

கலை திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் அவள் இல்லை. வாசலை ஒட்டி, வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள் வளர்மதி, எல்லோரையும் போலக் கடலைப் பார்க்க.